பின் ஷாப்டைக் கழற்றினால் ஃபாரஸ்டர் டூ வீல் டிரைவ் ஆகிவிடுமா?

ஜூன் 3, கருங்கல் தம்பியின் கேள்வி

அண்ணே, வீட்டில் பழைய செவர்லே ஃபாரஸ்டர் ஒன்று நிற்கிறது. மானுவல் கியர். நேர் ரோட்டில் நன்றாக ஓடுகிறது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் மட்டும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி நின்று நின்று போகிறது. ஒர்க்‌ஷாப்பில், "பின் புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றிப் போட்டுவிடுவோம், முன் சக்கரம் மட்டும் இழுக்கட்டும், மைலேஜும் கூடும்" என்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைத்தான் சொல்கிறார்கள். ஒரு மணி நேர வேலைதானாம். செய்யலாமா?

ஜூன் 3, இரவு

கழற்றலாம். கழற்றியதும் வண்டி கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். அப்புறம் ஒருநாள் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது.

ஃபாரஸ்டர் என்பது செவர்லே சின்னம் ஒட்டிய சுபாரு. சுபாருவின் தாய் நிறுவனமான ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் அப்போது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்தது. 2005-ல் அதை விற்றுவிட்டார்கள். 2017 முடிவில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்தினார்கள். பார்ட்ஸுக்கு நாம் அலைவது அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மானுவல் கியர்பாக்ஸில் நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும். பாக்ஸின் வால்பகுதியில் ஒரு சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கிறது, அதாவது சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரத் தொகுப்பு. என்ஜின் சக்தி முதலில் ஒரு குழல் ஷாப்ட் வழியாகப் பின்னால் போய் அதற்குள் நுழைகிறது. அங்கே பாதி பாதியாகப் பிரிகிறது. ஒரு பாதி அந்தக் குழலுக்கு உள்ளேயே ஓடும் பினியன் ஷாப்ட் வழியாகத் திரும்பி முன் சக்கரத்துக்கு வரும். மறு பாதி இரண்டு கியர் வழியாக இறங்கிப் பின் ஷாப்டுக்குப் போகும். டிஃபரன்ஷியலின் குணம் தெரிந்ததுதானே, எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம்தான் சுற்றும். பின் ஷாப்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் தடையே இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிறகு எப்படிக் கொஞ்ச நாள் ஓடும் என்று கேட்பீர்கள். டிஃபரன்ஷியலோடு சேர்ந்து விஸ்கஸ் கப்ளிங் ஒன்று உண்டு. வரிசையாகத் தகடுகள், நடுவில் கெட்டியான சிலிக்கோன் திரவம். முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சி வித்தியாசம் வந்தால் அந்தத் திரவம் பிடித்து நிறுத்தும். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது சில நொடி உதவுவதற்காக வைத்தது அது. முழு வண்டியையும் அதன் தலையில் கட்டினால் வெந்துபோகும்.

ஜூன் 4

குலசேகரம்காரர் ஒருவர் கேட்கிறார்: "எஸ்டேட் ஜீப்பில் காலம் காலமாக முன் ஷாப்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?"

ஆகாது. ஜீப்பில் சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது. எம்எம் 540 ஆகட்டும், ஜிப்சி ஆகட்டும், பின் சக்கரம்தான் எப்போதும் இழுக்கும். லிவரைப் போட்டால்தான் முன்சக்கரம் சேரும். லிவர் போடாதவரை அது ஏற்கெனவே டூ வீல் டிரைவ்தான். முன் ஷாப்டைக் கழற்றினால் சத்தம் கொஞ்சம் குறையும், ஷாப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேயாது, அவ்வளவுதான்.

ரெனோ டஸ்டரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2014-ல் வந்த ஆல் வீல் டஸ்டரில் திருகுகிற ஸ்விட்ச் ஒன்று இருக்கும்: டூ வீல், ஆட்டோ, லாக். டூ வீலில் வைத்தால் பின்பக்கத்து மின்காந்த கிளட்ச் பிடிக்காது. எந்த ஸ்பானரும் வேண்டாம்.

ஆக, முதலில் கேட்க வேண்டியது சக்தி எந்த இடத்தில் பிரிகிறது என்பதைத்தான். அது தெரியாமல் "எல்லாம் போர் வீல்தானே" என்று கை வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஜூன் 4, பிற்பகல்

பழைய ஹோண்டா சிஆர்வி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. உங்கள் வண்டியில் பின் ஷாப்டைத் தாராளமாகக் கழற்றலாம். முன் சக்கரம் நேரடியாக இழுக்கிறது. பின் டிஃபரன்ஷியலில் இரண்டு ஆயில் பம்ப் இருக்கிறது: ஒன்றைப் புரொபெல்லர் ஷாப்ட் சுற்றும், மற்றதைப் பின் சக்கரம் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் அழுத்தம் வராது. முன்சக்கரம் வழுக்கி வேகம் மாறினால் அழுத்தம் ஏறி கிளட்ச் பிடிக்கும். ஷாப்டை எடுத்தாலும் ஷாப்டை மாட்டுகிற கியர்பாக்ஸ் பக்கத்துத் தட்டு (ஃப்ளேஞ்ச்) அங்கேயே இருக்கும், ஆயில் ஒழுகாது.

ஆனால் எதற்காகக் கழற்றுகிறீர்கள்? திருப்பும்போது பின்னால் "ர்ர்ர்" என்று உறுமுகிறது என்றால் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றிப் பாருங்கள். அதற்கென்று ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் உண்டு. சாதாரண 90 கியர் ஆயிலை ஊற்றி வைத்துவிட்டு உறுமுகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். நேரான ரோட்டில் நடுவிலிருந்து முனகல் வந்தால் ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் போயிருக்கலாம். இரண்டுமே டூ வீலாக மாற்றுகிற அளவுக்கான வியாதி இல்லை.

ஜூன் 6

"நீங்கள் உங்கள் ஃபாரஸ்டரில் செய்தீர்கள்தானே, எப்படி?" என்று தம்பி விடாமல் கேட்கிறான். சரி.

சென்டரைப் பூட்ட வேண்டும். குழல் ஷாப்டும் முன் பினியன் ஷாப்டும் ஒரே துண்டாகச் சேர்ந்து சுற்ற வேண்டும். பிறகுதான் பின் ஷாப்டைக் கழற்றுவது. ஒன்றைச் செய்து மற்றதை விடக்கூடாது. சென்டரைப் பூட்டிவிட்டுப் பின் ஷாப்டையும் விட்டுவைத்தால், தார் ரோட்டில் எந்நேரமும் லிவர் போட்ட ஜீப் ஆகிவிடும்.

இதற்காகக் கியர்பாக்ஸை முழுதாக இறக்க வேண்டியதில்லை. சைலன்சர் பைப், ஷாப்ட், கிராஸ் மெம்பரைக் கழற்றி, பாக்ஸின் வாலை மட்டும் பிரித்தால் சென்டர் டிஃபரன்ஷியல் கைக்கு வரும். முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். இந்த மானுவலில் கியருக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில், கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர்.

என்னுடையதை வெளியே எடுத்தபோது உறை ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. முகர்ந்தால் கருகல் வாடை. கோட்டாரில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி அதை ஒரு சாக்கின் மேல் வைத்து, ஸ்ப்லைனில், அதாவது ஷாப்ட் செருகுகிற நீளவாக்குப் பல்வரிசையில், ஒரு பல்லுக்கு சாக்பீஸால் கோடு போட்டு, விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவி எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்த்து, "இது லேத்தில் வராது வோய்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உள் ஸ்ப்லைனை லேத்தில் வெட்ட முடியாது. மின்பொறி பாயும் மெல்லிய கம்பியால் வெட்டுகிற ஒயர்கட் போட வேண்டும், அதற்குக் கோயம்புத்தூர் பக்கம் அனுப்ப வேண்டும். அப்படியே வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டேன். உள்ளே சிலிக்கோன் அடைத்து மூடிய பெட்டி அது, சூடு கொடுத்தால் அழுத்தம் ஏறி எங்கே பிய்த்துக்கொண்டு வருமோ தெரியாது, முகத்தை நீட்டிக்கொண்டு நான் நிற்க மாட்டேன் என்றுவிட்டார். முடிவில், பழைய டிஃபரன்ஷியலை முழுக்கப் பிரித்து, திரவத்தை வழித்துக் கழுவி, தகடுகளைத் தூக்கிப் போட்டோம். ஸ்ப்லைன் உள்ள பழைய துண்டுகளையே வைத்துக்கொண்டு, இஎன் 24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் கடைந்த ஒரு வளையத்தை நடுவே இறுக்கி, சிறிது சிறிதாக ஆறவிட்டு வெல்டிங் வைத்தார். வைத்த பிறகு டயல் கேஜில் சுற்றிப் பார்த்து மறுபடி கடைந்தார். அந்த நேரானதைப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. கோணலாகப் போனால் பேரிங் தின்னும்.

மாட்டும்போது இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் வாஷர்களைக் கலைத்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் எது இருந்ததோ அதே இடத்தில் போக வேண்டும். இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

ஒன்று, பின் ஷாப்டை உருவினால் பாக்ஸின் வாலில் ஓட்டை திறந்துவிடும், ஆயில் கொட்டும். ஷாப்டின் முனைதான் அங்கே அடைப்பாக இருக்கிறது. பழைய ஷாப்டின் முனையை வெட்டி, மூடி வைத்து, சீலுக்குள் திரும்பச் செருக வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். "பின் ஆக்சிலையும் எடுத்துவிடுகிறேன், எடை குறையும்" என்று கிளம்பாதீர்கள். சக்கரத்துப் பக்கம் இருக்கும் ஜாயிண்ட் தண்டும் அதன் பெரிய நட்டும்தான் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரம் தனியாகப் போய்விடும். ஆக்சிலை எடுப்பதென்றால் வெளி ஜாயிண்டை வெட்டி அந்தத் தண்டை மட்டும் ஹப்பில் விட்டு நட்டை முறுக்க வேண்டும். நான் ஆக்சில், பின் டிஃபரன்ஷியல் எதையும் தொடவில்லை. சும்மா சுற்றட்டும்.

ஜூன் 8

மைலேஜ் எவ்வளவு கூடியது என்று ஆளுக்கு ஆள் கேட்கிறீர்கள். ஒன்றும் கொட்டவில்லை மக்களே. ஷாப்டின் எடை போயிற்று, அவ்வளவுதான். 2 லிட்டர் பாக்சர் என்ஜின் குடிக்கிறதைக் குடிக்கத்தான் செய்யும். மைலேஜ்தான் வேண்டுமென்றால் இந்தச் செலவுக்கு ஒரு பழைய ஸ்விஃப்டுக்கு முன்பணம் கட்டலாம்.

ஜூன் 9

தம்பி, மாற்றுகிறதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வியாதி என்ன என்று இன்னும் பார்க்கவில்லை. இதைச் செய்.

காய்ந்த சமதளத்தில் முதல் கியரில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஒரு வட்டம் அடி. வண்டி எளிதாக உருண்டால் நல்லது. டயர் கிறீச்சிட்டு வண்டி இழுத்து நின்றால் சென்டர் பிடிக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்திருக்கும்போது ஒருதரம், நாகர்கோவில் வரைக்கும் ஓட்டிச் சூடானபின் ஒருதரம். கல் வைத்து அடை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. கனமாக, மெதுவாகச் சுற்ற வேண்டும். அசையவே இல்லையென்றால் கப்ளிங் இறுகிவிட்டது. லேசாகச் சுற்றிக்கொண்டே போனால் செத்துவிட்டது.

அதோடு நான்கு டயரின் சுற்றளவையும் தையல்காரர் டேப்பால் அள. சுபாரு சொல்லும் கணக்கு கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் நேர் ரோட்டில்கூட கப்ளிங் எந்நேரமும் தேய்ந்து சூடாகிக்கொண்டிருக்கும்.

ஜூன் 10

முன்னால் இரண்டும் புது டயர், பின்னால் இரண்டும் மொட்டையாம்! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேனே. "டயர் கடைக்காரர் இரண்டு போதும் என்றார்" என்கிறான். மற்ற வண்டிக்குப் போதும். இதற்கு நான்கும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், அல்லது ஒரே அளவு தேய்ந்ததாகத் தேடிப் போட வேண்டும்.

யாரிடமாவது ஒரே மாதிரியான நான்கு டயர் இரவல் வாங்கி மாட்டி, மறுபடி வட்டம் அடித்துப் பார். கப்ளிங் பிழைத்திருந்தால் செலவு டயரோடு முடிந்தது.

ஜூன் 12

வளைகுடாவிலிருந்து நம்ம ஊர்க்காரர் ஒருவர், அங்கே ஆட்டோமேட்டிக் ஃபாரஸ்டர் வைத்திருக்கிறாராம். சென்டர் டிஃபரன்ஷியலைப் பற்றி நான் மேலே எழுதியது அதற்குப் பொருந்தாது. பழைய நான்கு ஸ்பீட் ஆட்டோமேட்டிக்கில் பின்பக்கத்துக்குத் தனி கிளட்ச், அதை ஒரு சோலினாய்டு, அதாவது மின்சார வால்வு, கட்டுப்படுத்துகிறது. பானட்டுக்குள் எஃப்டபிள்யூடி (முன் சக்கர இழுப்பு) என்று எழுதிய காலி ஃப்யூஸ் சாக்கெட் இருந்தால், அதில் ஒரு ஃப்யூஸைச் செருகினால் பின் சக்கரம் விட்டுவிடும். சின்ன ஸ்டெப்னி மாட்டி வீடு வந்து சேர்வதற்காகக் கொடுத்தது அது. வருஷக் கணக்கில் செருகி வைக்க இல்லை. ஆனால் சோதனைக்கு அருமை: ஃப்யூஸ் போட்டதும் இழுப்பு நின்றால் கோளாறு அந்தக் கிளட்சில்தான்.

ஜூன் 13

பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படி மாற்றி, வண்டியை வழுக்கவிட்டுத் திருப்பும் டிரிஃப்ட் அடிக்கலாமா என்று ஒரு இளவட்டம். முன் ஆக்சிலைக் கழற்றினால் போதும் என்று வீடியோவில் பார்த்தானாம். அதே கதைதான் தம்பி, திசை மட்டும் மாறுகிறது. சென்டரைப் பூட்டாமல் செய்தால் எல்லாச் சக்தியும் முன்பக்க ஓட்டைக்குள் போய்விடும். பூட்டிச் செய்தாலும் முன் டிஃபரன்ஷியலைச் சும்மா சுற்ற விடக்கூடாது, அதையும் கழற்ற வேண்டும். முன் ஹப்பிலும் தண்டு இருக்க வேண்டும். கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் போலீஸ் நிற்பது வேறு விஷயம்.

இந்தப் பாக்ஸை டூ வீலாக மாற்றுவதில் வெளிநாட்டில் பெரிய கூட்டமே இருக்கிறது. என்ஜின் பின்னால் இருக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனில் சுபாரு என்ஜினையும் பாக்ஸையும் ஏற்றுகிறார்கள். சென்டரைப் பூட்டி, வாலை மூடி, சுபாருவின் முன்சக்கர வெளியீட்டில் வேனின் பின் சக்கரத்தை மாட்டுவார்கள். அங்கே ஒரு வேடிக்கை. பாக்ஸ் அப்படியே திரும்பி உட்காருவதால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்: ரிவர்ஸில் ஐந்து கியர், முன்னால் போக ஒன்று! பினியன் பல்லோடு சேரும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலை மறுபக்கம் தூக்கி வைத்தாலும் சரியாகாது, பினியன் நடுக்கோட்டில் இல்லாமல் விலகி உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டிய கிரௌன் பினியனைத் தனியாகச் செய்து போடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் செலவுக்கு வேனையே வாங்கிவிடலாம்.

ஜூன் 16

மூன்று நாளாக விடாத மழை. நேற்று ஒரு வேலையாகப் பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ரோட்டில் போனேன். ரப்பர் இலை அழுகிக் கிடக்கும் ஏற்றத்தில் முன் இடது சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி பக்கவாட்டில் நழுவுகிறது. முன்பு அதே இடத்தில் இரண்டாவது கியரில் யோசிக்காமல் ஏறிய வண்டி. கடைசியில் பின்னால் இறங்கி, ஒரு ஓரத்துக் கல்பாதையில் சக்கரத்தை வைத்து ஏற்றினேன்.

அதனால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் செய்தபோது சென்டர் டிஃபரன்ஷியல் கிடைக்கவில்லை, வண்டியை எடைக்குப் போட மனசும் இல்லை. வேறு வழியில்லாமல் செய்தது அது. தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓட்ட ஒரு குறையும் இல்லை. மலைக்குப் போகிறவர், மழையில் மண் ரோட்டில் வீடு இருப்பவர், முதலில் சென்னை புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ பழைய பாக்ஸ் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தக் காரின் உயிரே நான்கு சக்கரத்திலும் இழுப்பதுதான்.

ஜூன் 19

ஆர்டிஓ விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. இந்த ஃபாரஸ்டர்கள் எல்லாம் 15 வருஷம் தாண்டியவை, ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். போகிறதுக்கு முன்பே ஆபீஸில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், விபத்து நடந்த பிறகு அவர்களே கண்டுபிடித்தால் உங்கள் பாடு திண்டாட்டம். களியக்காவிளை தாண்டி அடிக்கடி கேரளத்துக்குள் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், அங்கே மாற்றம் செய்த வண்டி என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள்.

களியக்காவிளைக்காரர் ஒருவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். "உள்ளதுதான்" என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 23

தம்பி இரவல் டயர் போட்டுப் பார்த்துவிட்டான். குளிர்ந்திருக்கும்போது வட்டம் நன்றாக அடிக்கிறது, இழுப்பே இல்லை. நாகர்கோவில் போய்த் திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடி. ஆக, டயர் ஆரம்பித்து வைத்தது, கப்ளிங் பாதி வெந்துவிட்டது. சூடானால் இறுகுகிறது.

அவன் வீடு கருங்கல் ரோட்டு மேலேயே. மலைப்பக்கம் போவதில்லை. புதுப்பேட்டையில் ஒருவர் பாக்ஸ் இருக்கிறது என்கிறாராம், வால் பிரித்துக் காட்ட மாட்டாராம். பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. அதிலும் நீலம் பாய்ந்த டிஃபரன்ஷியல் இருந்தால் லாரி வாடகைதான் மிச்சம். காட்டினால் வாங்கு, காட்டவில்லையென்றால் அண்ணாச்சி லேத்துக்கு வா. பழைய டிஃபரன்ஷியலை நீயே தூக்கிக்கொண்டு வா, அவருக்கு இடுப்பு வலி.

இன்னொன்று, எது முடிவானாலும் அதுவரை வண்டி வழியில் நின்றால் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்கவிடாதே. இப்போது நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று மாட்டியிருக்கிறது, பின்சக்கரம் உருள உருள மிச்சமிருக்கும் கப்ளிங்கும் போய்விடும். முழு வண்டியையும் மேலே ஏற்றுகிற லாரியைக் கூப்பிடு. டூ வீல் ஆக்கிய பிறகு முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் போதும்.

டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?